தடிப் புத்தகம் வாங்கினால் போதுமா? நெடுந்தூரம் ஓடும் இளைஞர்களே, உஷார்!

வில்லியனூர், பாகூர் பக்கம் கோழி கூவும் முன்பே ஓடக் கிளம்பும் இளைஞர்கள் உண்டு. சிலருக்கு போலீஸ் வேலைக் கனவு. சிலருக்கு மாரத்தான் ஆசை. மாரத்தான் என்றால் சும்மாவா? 42 கிலோ மீட்டர், 195 மீட்டர்!

பக்கத்திலேயே ஆரோவில்லில் 2008-ம் ஆண்டு மாரத்தான் தொடங்கியது. செம்மண் காட்டுப் பாதையில் ஓட வேண்டும். முதல் பரிசு, இரண்டாம் பரிசு எல்லாம் கிடையாது. ஓடி முடிப்பதுதான் பரிசு.

கிராமத்தில் நல்ல கோச் கிடைப்பது அபூர்வம். அதனால் பலர் புத்தகத்தைத் தேடுகிறார்கள். எதை வாங்குவது? இதில்தான் இருக்கிறது சூட்சுமம்.

ஓடும்போதே மரணம்

அமெரிக்காவில் ஜிம் பிக்ஸ் என்பவர் 1977-ல் 'தி கம்ப்ளீட் புக் ஆப் ரன்னிங்' என்ற புத்தகம் எழுதினார். லட்சக்கணக்கில் விற்றது. அதைப் படித்து ஓடக் கிளம்பியவர்கள் ஏராளம்.

1984-ல் என்ன நடந்தது தெரியுமா? ஓடப் போன பிக்ஸ் மாரடைப்பால் ரோட்டிலேயே இறந்து கிடந்தார். வயது 52. இதய ரத்தக் குழாய்களில் கடும் அடைப்பு இருந்தது பிரேத பரிசோதனையில் தெரிந்தது. அவருடைய அப்பாவும் 43 வயதில் இதய நோயால் போனவர். ஓட்டம் நல்லதுதான். ஆனால் அது டாக்டருக்குப் பதில் ஆகாது.

"பக்கத்தைக் கிழியுங்கள்!"

அடுத்த ஆண்டு, 1985-ல், தென் ஆப்பிரிக்க டாக்டர் டிம் நோக்ஸ் 'லோர் ஆப் ரன்னிங்' எழுதினார். உடம்பு எப்படி வேலை செய்கிறது, பயிற்சி, காயம், பழைய வீரர்களின் கதை எல்லாம் அதில் உண்டு. பின்னால் வந்த பதிப்பு 900 பக்கத்தைத் தாண்டியது. தலையணை சைஸ்!

வேடிக்கை என்னவென்றால், மாவுச்சத்து உணவை நிறைய சாப்பிடச் சொன்ன பக்கங்களைக் கிழித்துப் போடும்படி அவரே பிற்காலத்தில் சொல்லிவிட்டார். அவருடைய புதுக் கருத்தையும் பல நிபுணர்கள் ஏற்கவில்லை. ஆக, எந்தப் புத்தகமும் வேத வாக்கு அல்ல.

மழையில் மாட்டும் அட்டவணை

ஜாக் டேனியல்ஸ் எழுதிய 'ரன்னிங் பார்முலா' 1998-ல் வந்தது. பந்தயத்தில் எடுத்த நேரத்தை வைத்து, பயிற்சியில் எந்த வேகத்தில் ஓடலாம் என்று அது கணக்குச் சொல்கிறது. பிட்சிங்கர், டக்ளஸ் எழுதிய 'அட்வான்ஸ்டு மாரத்தானிங்' 2001-ல் வந்தது. 18 வார அட்டவணை அதில் உண்டு.

இங்கேதான் சிக்கல். ஆரோவில் மாரத்தான் வழக்கமாக பிப்ரவரியில் நடக்கும். 18 வாரம் பின்னோக்கி எண்ணினால் அக்டோபர் வருகிறது. அதாவது வடகிழக்குப் பருவமழை! ஏரிக்கரை சேறாகிவிடும். அட்டவணையில் போட்டிருக்கிறதே என்று வழுக்கும் கரையில் வேகமாக ஓடினால் கால் பிசகும். அந்த வாரம் தார் ரோட்டில் மெதுவாக ஓடினால் குடி முழுகிவிடாது.

வெயில் காலத்திலும் இதே கதைதான். கடலோரப் புழுக்கத்தில் வியர்வை சீக்கிரம் காயாது. உடல் சூடு இறங்காது. குளிர் நாட்டு வேகத்தை இங்கே அப்படியே காப்பி அடித்தால் மயக்கம் நிச்சயம். உடம்பு வெயிலுக்குப் பழகவே சுமார் 2 வாரம் ஆகும்.

என்ன பார்க்க வேண்டும்?

காசு கொடுக்கும் முன் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். "இத்தனை கி.மீ. ஓடு" என்று மட்டும் சொல்கிறதா, ஏன் ஓட வேண்டும் என்றும் சொல்கிறதா? ஓய்வு நாள் உண்டா? வலி வந்தால் என்ன செய்வது என்று இருக்கிறதா? வெயிலில் ஓடுவது பற்றி உண்டா? கணக்கு மைலிலா, கிலோ மீட்டரிலா? ஒரு மைல் என்பது 1.6 கி.மீ. 50 மைலை 50 கி.மீ. என்று படித்தால் கணக்கே போச்சு!

ஓட்டத்துக்குப் புதியவருக்குத் தடிப் புத்தகம் தேவையே இல்லை. ஓராண்டாவது விடாமல் ஓடியவருக்குத்தான் அது பயன்படும்.

நெஞ்சு இறுக்கினாலோ, தலை சுற்றினாலோ புத்தகத்தைப் புரட்டக் கூடாது. ஓட்டத்தை நிறுத்தி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். குடும்பத்தில் யாருக்காவது சிறு வயதிலேயே மாரடைப்பு வந்திருந்தால், முதலில் டாக்டர். அப்புறம்தான் புத்தகக் கடை!