இதயத்துக்கு எரிபொருள்

நமது இதயம் ஒரு நாளைக்குச் சுமார் 1 லட்சம் முறை துடிக்கிறது. இரவில் நாம் தூங்குகிறோம். இதயம் தூங்குவதில்லை. அதற்குச் சக்தி எங்கிருந்து கிடைக்கிறது?

இதயத்தின் கையில் தயாராக இருக்கும் சக்தி சில விநாடிகளுக்குத்தான் வரும். அன்றாடங்காய்ச்சியைப் போல, அவ்வப்போது சம்பாதித்தே அது செலவழிக்கிறது.

இதயத்தின் முக்கிய எரிபொருள் கொழுப்பு. கொழுப்பு என்றாலே இதயத்துக்கு எதிரி என்று கேட்டுப் பழகியவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். சர்க்கரையையும் அது எரிக்கும்.

வயிறு காலியாக இருக்கும்போது, உடலில் சேர்ந்துள்ள கொழுப்பு உடைகிறது. கொழுப்பு அமிலங்களும் கிளிசராலும் தனித்தனியே பிரிகின்றன. கிளிசரால் வேறொன்றுமில்லை. வெடித்த உதட்டில் தடவுகிறோமே, அந்தக் கிளிசரின்தான். அதற்காக அதை வாங்கிக் குடித்துவிடக் கூடாது! உடல் தானே அதைத் தயாரித்துக்கொள்கிறது.

ரத்தத்தில் கலந்த கிளிசராலில் பெரும்பகுதி கல்லீரலுக்குப் போகிறது. அங்கே சர்க்கரையாக மாறுகிறது. கொஞ்சம் இதயத்துக்கும் போகிறது. இதயத்தின் செல்களில் அது நுழைய ஒரு வாசல் உண்டு.

2009இல் ஜப்பானில் எலிகளை வைத்து இதைச் சோதித்தார்கள். அந்த வாசல் இல்லாத எலிகளின் இதயத்தில் சக்தி குறைந்திருந்தது. இதயத்துக்கு வேலைப்பளு ஏறியபோது, மற்ற எலிகளைவிட அவையே அதிகம் இறந்தன.