பரணில் கிடக்கும் கடிதக் கட்டு

பொங்கலுக்கு வெள்ளையடிக்க வீட்டை ஒழிக்கிறீர்களா? பரணில் உள்ள பழைய டிரங்குப் பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் ஒரு நிமிஷம் இதைப் படித்துவிடுங்கள்.

தூத்துக்குடியில் என்னிடம் வைத்தியம் பார்க்கும் ஒரு குடும்பம். அந்த வீட்டு ஆச்சிக்கு எண்பது தாண்டிவிட்டது. ஒரு வாரமாகச் சாப்பாடும் இல்லை, தூக்கமும் இல்லை என்று பேத்தி அழைத்து வந்தாள். நாடி பார்த்தேன். வயதானவர்கள் திடீரென்று சோற்றை ஒதுக்கினால் ‘அஜீரணம்’ என்று சூரணம் கொடுத்து அனுப்பிவிடக் கூடாது. சர்க்கரை, தைராய்டு, சிறுநீர்த் தொற்று எல்லாம் பார்க்கச் சொன்னேன். ஒன்றிலும் கோளாறு இல்லை. மறுமுறை வந்தபோது பேத்தியை வெளியே உட்கார வைத்துவிட்டு, “மனசுல என்ன ஆச்சி?” என்று கேட்டேன்.

“என்னத்தச் சொல்ல வைத்தியரய்யா... அவுக எனக்கு எழுதின காயிதத்தை எல்லாரும் படிச்சுச் சிரிக்காக.”

விஷயம் இதுதான். ஆச்சியின் கணவர் கல்யாணத்துக்கு முன்பு கொழும்பில் ஒரு கடையில் வேலை பார்த்தவர். நிச்சயம் ஆனபின் கடிதம் எழுதினார். பெண் பேருக்குத் தபால் வந்தால் தெருவே பேசும் என்பதால் தம்பி பேருக்கு வரும்! 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்து, ரயிலும் கப்பலும் நின்றபோது பல வாரம் தபாலே இல்லை. அவர் உயிரோடு இருக்கிறாரா என்றுகூடத் தெரியாமல் தவித்த தவிப்பை யாரிடமும் சொல்ல முடியாது. 1965-ல் கல்யாணம். மொத்தம் பன்னிரண்டு கடிதங்கள். அவற்றைத்தான் பேத்தி பரணில் கண்டெடுத்து, போட்டோ எடுத்து, குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டாள். கெட்ட எண்ணம் இல்லை. ‘அந்தக் காலத்திலேயே லவ் லெட்டரா!’ என்ற ஆச்சரியம்தான்.

ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? எங்கள் மாவட்டத்து எட்டயபுரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1897-ல் பாரதியாருக்கும் செல்லம்மாவுக்கும் கல்யாணம் நடந்தபோது அவருக்கு 14 வயது, அவளுக்கு 7. அப்போதெல்லாம் கல்யாணம் முதலில், குடித்தனம் பல வருஷம் கழித்து. அவர் காசிக்குப் போய்விட்டார். அவர் போக்கைப் பற்றி யாரோ சொன்னதைக் கேட்டுப் பயந்துபோய் அவள் கடிதம் எழுதச் செய்தாள். 1901-ல் அவர் எழுதிய பதில் அச்சிலேயே இருக்கிறது. அவளைக் காதலி என்றே அழைக்கிறார். கவலைப்படுகிற நேரத்தில் தமிழ் படித்தால் சந்தோஷப்படுவேன் என்கிறார். அந்த வயசுப் பெண்ணுக்கு வந்த கடிதத்தை வீட்டுப் பெரியவர்கள் பிரிக்காமலா விட்டிருப்பார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

பாரதியார் கடிதம் நாட்டுச் சொத்தாகிவிட்டது. ஆனால் ஆச்சி பெட்டியில் உள்ளது ஆச்சிக்கு மட்டுமே சொந்தம். பேத்தியைக் கூப்பிட்டு இதைத்தான் சொன்னேன். படங்களை அழிக்கச் சொல்லி, கட்டை அவர் கையில் கொடுக்கச் சொன்னேன். மருந்து என்று எதுவும் எழுதவில்லை.

அதே கடிதங்கள் மருந்தாகவும் ஆகலாம், கேளுங்கள். முதுமையில் பழசையே பேசுவது பிதற்றல் இல்லை, வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்துச் சரிபார்க்கும் வேலை என்று 1963-லேயே எழுதினார் அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர். மறதி நோய் உள்ளவர்களிடம் பழைய படம், கடிதம் காட்டிப் பேச வைக்கும் முறையும் இருக்கிறது. நோய் மாறிவிடாது, பலனும் சிறியதுதான், எல்லாருக்கும் கிடைப்பதுமில்லை. ஆனால் பேசும் அந்த நேரம் முகம் தெளிவதை நானே பார்த்திருக்கிறேன். ஒன்று மட்டும்: அவர்களாக விரும்பிப் பேச வேண்டும். முகம் சுருங்கினால் அதோடு நிறுத்திவிடுங்கள்.

இனி, பெட்டியைத் திறக்கிறவர்களுக்கு. எங்கள் கடற்கரை ஈரக்காற்றில் காகிதம் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். இளைப்பு, ஆஸ்துமா உள்ளவர்கள் அதைத் தொடவே வேண்டாம். மற்றவர்கள் மூக்கை மூடும் முகக்கவசம் போட்டுக்கொண்டு, நிழலான திறந்த இடத்தில் பிரியுங்கள். வெயிலில் காயப்போட்டால் மை வெளுத்துவிடும். செல்லோடேப் ஒட்டாதீர்கள், லேமினேஷன் கூடவே கூடாது. சலவை செய்த பருத்தித் துணியில் சுற்றி, வசம்பையும் காய்ந்த வேப்பிலையையும் தனியாகச் சிறு பையில் கட்டி, காகிதத்தில் படாமல் ஓரமாக வையுங்கள். ஏட்டுச்சுவடி காத்த நம் பெரியவர்களின் வழிதான் இது. பாச்சா உருண்டை வேண்டாம். குழந்தை விழுங்கிவிட்டால் ஆபத்து. ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அதன் நெடியே ரத்த அணுக்களைச் சிதைக்கும்.

பத்து நாள் கழித்து அந்த வீட்டுக்குப் போனேன். ஆச்சி திண்ணையில் உட்கார்ந்து பயறுக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். புயலுக்குப் பிறகு வந்த கடிதத்தை மட்டும் பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாக வாசித்துக்கொண்டிருந்தாள். மற்றதெல்லாம் என்று கேட்டேன்.

“எட்டு இவளுக்கு, நான் போன பெறவு. மிச்சம் மூணும் என்கூட வரட்டும் வைத்தியரய்யா” என்றார்.