கோளாறுச் சொற்கள் – 9: அரியாங்குப்பத்தில் தவறிய படை

பஞ்சர், பிரேக் டவுன் ஆகிய சொற்கள் சென்ற வாரத்தோடு முடிந்தன. இந்த வாரம் பள்ளிக்கூடத்து ‘ஃபெயில்’ என்று அறிவிப்பு. ஆனால் அந்தச் சொல்லுக்குப் போகும் வழியில் ஒரு கடற்படைத் தளபதி நிற்கிறார். அவரைப் பார்க்காமல் போக முடியாது.

அவர் பெயர் எட்வர்ட் பாஸ்கவன். 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்ததற்குப் பதிலடியாகப் புதுச்சேரியைப் பிடிக்க அனுப்பப்பட்டவர். 1748 ஆகஸ்டில் கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்திலிருந்து படையோடு கிளம்பினார். குறுக்கே அரியாங்குப்பம். அங்கே பிரெஞ்சுக்காரர்களின் சின்னக் கோட்டை ஒன்று இருந்தது. ஆங்கிலேயர் எழுதிவைத்த பெயர் ‘அரியான்கோப்பாங்’.

பலமில்லாத கோட்டை என்று தகவல் வந்தது, அதை நம்பினார்கள். விடிவதற்கு முன் 700 பேர் பாய்ந்தார்கள். சுற்றிலும் ஆழமான அகழி. மதிலேற ஏணி இல்லை. ஏறக்குறைய 150 பேர் செத்தும் காயம்பட்டும் விழுந்த பிறகுதான் பின்வாங்கினார்கள். அடுத்து முறைப்படி முற்றுகை போட்டார்கள். அதில் மேஜர் ஸ்ட்ரிஞ்சர் லாரன்ஸ் பிரெஞ்சுக்காரர்களிடம் சிறைப்பட்டார். பிற்காலத்தில் ‘இந்திய ராணுவத்தின் தந்தை’ என்று ஆங்கிலேயர் கொண்டாடிய அதே லாரன்ஸ். கடைசியில் கோட்டைக்குள் இருந்த வெடிமருந்து தற்செயலாகத் தீப்பற்றி வெடித்தது. பிரெஞ்சுக்காரர்கள் மிச்சத்தையும் தாங்களே தகர்த்துவிட்டுப் புதுச்சேரிக்குள் போய்விட்டார்கள். ஆங்கிலேயருக்குக் கிடைத்தது இடிந்த கோட்டை.

புதுச்சேரியிலும் அதே கதைதான். மதிலுக்கு வெகுதூரத்தில் பதுங்குகுழி வெட்டினார்கள், நோய் வந்தது, மழை பிடித்துக்கொண்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஐரோப்பிய வீரர்களை இழந்து அக்டோபரில் பாஸ்கவன் திரும்பினார். அந்தப் படையில் இளைஞன் ராபர்ட் கிளைவும் இருந்தான்.

இதை ஆங்கிலம் எப்படிச் சொல்கிறது? ‘சீஜ் வாஸ் ரெய்ஸ்டு’. முற்றுகை எடுக்கப்பட்டது, அவ்வளவுதான். யார் எடுத்தார், ஏன் எடுத்தார் என்ற கேள்வி அந்த வாக்கியத்தில் எழுவதே இல்லை. அந்தக் காலத்தில் இன்னொரு சொல்லும் சாதாரணமாகப் புழங்கியது: ‘மிஸ்கேரி’. அனுப்பிய கடிதம் வழியில் தொலைந்தாலும், படையெடுப்பு கைகூடாமல் போனாலும், வயிற்றுக் கரு கலைந்தாலும் இந்த ஒரே சொல். இன்று மருத்துவமனையில் அது மிஞ்சியிருக்கிறது. நிரபராதி தண்டிக்கப்படும்போது ‘மிஸ்கேரியேஜ் ஆஃப் ஜஸ்டிஸ்’ என்று நீதிமன்றத்திலும் ஒலிக்கிறது. கடிதமும் படையும் கழன்றுகொண்டன.

‘ஃபெயில்’ அப்படிப்பட்ட சொல் அல்ல. அது ஆளைச் சுட்டும். ‘கட்டணம் செலுத்தத் தவறினால் இணைப்பு துண்டிக்கப்படும்’ என்று மின்துறை நோட்டீசில் வருகிறதே, அந்தத் தவறுதல்தான் ஆங்கிலச் சட்டத்தின் ‘ஃபெயில்’. முடியாமல் போனதை அது சொல்லவில்லை; செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டதைச் சொல்கிறது. செய்யாதவர் யார் என்று பெயர் கேட்கும்.

அந்தச் சொல் ஒரு தளபதியின் உயிரையே வாங்கியது. 1756இல் மத்தியதரைக் கடலில் இருக்கும் மினோர்க்கா தீவைக் காக்கப் போன அட்மிரல் ஜான் பிங், பிரெஞ்சுக் கப்பல்களோடு அரைகுறையாகச் சண்டையிட்டுத் திரும்பினார். தீவு கைவிட்டுப் போனது. ராணுவ நீதிமன்றம் விசாரித்தது. கோழைத்தனம் இல்லை, துரோகமும் இல்லை என்று அதுவே ஒப்புக்கொண்டது. நின்ற குற்றம் ஒன்றே: தன்னால் இயன்ற அனைத்தையும் செய்ய ‘ஃபெயில்’ ஆனார். 1749இல் திருத்திய போர் விதிகளின்படி அதற்கு மரணம் தவிர வேறு தண்டனை கிடையாது. கருணை காட்டும்படி நீதிபதிகளே மன்றாடியும் பலிக்கவில்லை. 1757 மார்ச் 14 அன்று போர்ட்ஸ்மத் துறைமுகத்தில், ‘மோனார்க்’ கப்பலின் மேல்தளத்தில் பிங் சுட்டுக் கொல்லப்பட்டார்.

தண்டனையை நிறைவேற்றச் சொல்லும் உத்தரவில் கையெழுத்திட்டவர் எட்வர்ட் பாஸ்கவன்.

ஏணியில்லாமல் அரியாங்குப்பத்து அகழிக்குள் ஆட்களை இறக்கியவர் அவர். அவருக்கு வாய்த்தது ‘ரெய்ஸ்டு’. பிங்குக்கு வாய்த்தது ‘ஃபெயில்டு’. ஒரே கடற்படை, இடையில் ஒன்பதே ஆண்டு.

பாஸ்கவனின் படை தூக்கிவந்த துப்பாக்கிகளும் ஆங்கிலத்துக்குச் சில சொற்களைக் கொடுத்தன. சிக்கிமுக்கிக் கல் பொறி தட்ட, பக்கத்துக் கிண்ணத்தில் கிடக்கும் மருந்து பற்றி, சிறு துளை வழியாகத் தீ உள்ளே போனால்தான் குண்டு கிளம்பும். கிண்ணத்து மருந்து மட்டும் பளிச்சென்று எரிந்து அடங்கினால் ‘ஃப்ளாஷ் இன் த பேன்’. நேரம் கழித்து வெடித்தால் ‘ஹேங் ஃபயர்’. வெடிக்காமலே போனால் ‘மிஸ்ஃபயர்’.

கடைசிச் சொல்லை இன்றும் கேட்கலாம். புதுச்சேரி–கடலூர் சாலையில் அரியாங்குப்பத்து மெக்கானிக் கடை எதன் முன் நின்றாலும் போதும்.

“அண்ணே, வண்டி இழுக்கவே மாட்டேங்குது. விட்டு விட்டு ஓடுது.”

“மிஸ்ஸிங் ஆவுதுப்பா. ப்ளக்கைக் கழட்டிப் பாப்போம்.”

சிலிண்டருக்குள் மருந்துக்குப் பதில் பெட்ரோல், கல்லுக்குப் பதில் ஸ்பார்க் ப்ளக். பொறி தவறினால் மிஸ்ஃபயர். தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் அது ‘மிஸ்ஸிங்’ ஆகிவிட்டது. கழற்றிய ப்ளக்கின் முனையில் கரி அப்பியிருக்கும். உப்புத்தாளால் தேய்த்து, முனைகளுக்கு நடுவே இடைவெளி சரியா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப மாட்டுவார்கள். சைலன்சரில் ‘டப்’ என்று வெடித்தால் அதற்குப் பெயர் பேக் ஃபயர். மின்சாரத்தில் ஒரு ஃபேஸ் போனால் ‘ஃபேஸ் அவுட்’, மோட்டார் தானாக நின்றால் ‘டிரிப்’, செல்போன் உறைந்தால் ‘ஹேங்’. இடம் தெரிந்து சொல்லும் சொற்கள் இவை. கேட்டவுடன் கை எங்கே போக வேண்டும் என்று தெரிந்துவிடும். ‘சீஜ் வாஸ் ரெய்ஸ்டு’ என்ற வாக்கியத்தில் இந்த நேர்மை இல்லை.

பள்ளிக்கூடத்து ‘ஃபெயில்’ இந்த இரண்டில் எந்தப் பக்கம்? கும்பகோணத்தில் உதவித்தொகையை இழந்து, பச்சையப்பன் கல்லூரிக்குப் போய், எஃப்.ஏ. என்ற கல்லூரித் தேர்வில் 1906இலும் அடுத்த ஆண்டும் தவறிய சீனிவாச ராமானுஜனை அந்தச் சொல் எப்படிப் பார்த்தது? ‘பி.ஏ. ஃபெயில்டு’ என்று பெயருக்குப் பின்னால் போட்டு வேலை கேட்டவர்கள், பத்தாம் வகுப்பு தவறியவர்களுக்கும் தமிழ்நாடு அரசு தரும் வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகை, பொறியியல் கல்லூரிகளின் ‘அரியர்’ எல்லாம் வரிசையில் நிற்கின்றன.

அவற்றோடு ஒரு புதுச் சொல்லும் உண்டு. 2020 ஜூலையில் பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகளை வெளியிட்டபோது சி.பி.எஸ்.இ. ‘ஃபெயில்’ என்ற சொல்லையே சான்றிதழிலிருந்து எடுத்தது. அந்த இடத்தில் ‘எசென்ஷியல் ரிபீட்’ வந்தது. புதுச்சேரி அரசுப் பள்ளிகள் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தை விட்டு சி.பி.எஸ்.இ.க்கு மாறிவிட்டதால், அரியாங்குப்பத்துப் பிள்ளைகளுக்கும் இனி அதுதான். வீட்டில் அம்மா கேட்கும்போது பிள்ளை என்ன சொல்லும் என்பதிலிருந்து அடுத்த வாரம்.

(தொடரும்)