நோயுற்ற குழந்தைகளுக்கான தற்காப்புக் கலைச் சிகிச்சை

நோயுற்ற குழந்தைகளுக்கான தற்காப்புக் கலைச் சிகிச்சை என்பது கராத்தே போன்ற தற்காப்புக் கலைகளில் உள்ள மூச்சுப் பயிற்சி, மனக்குவிப்பு, எளிய உடலசைவு ஆகியவற்றைக் கொண்டு, கடும் நோயுற்ற குழந்தைகளின் வலியையும் அச்சத்தையும் குறைக்க முயலும் துணைச் சிகிச்சை முறையாகும். இது நோயைக் குணப்படுத்தும் முறை அன்று. மருந்து, அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு ஆகியவற்றுக்கு மாற்றாகவும் இது அமையாது. அவற்றைத் தாங்கிக்கொள்ளக் குழந்தைக்குத் துணைநிற்பதே இதன் நோக்கம். அமெரிக்காவில் 1999 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ‘கிட்ஸ் கிக்கிங் கேன்சர்’ என்னும் இலாப நோக்கற்ற அமைப்பு இம்முறையைப் பரவலாக அறியச் செய்தது.

பின்னணி

குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் மிகுதியாகக் காணப்படுவது இரத்தப் புற்றுநோயாகும். அதில் பெரும்பான்மையான கடும் நிணநீர்க்கல வகைக்குச் சிகிச்சை இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் வரை நீடிக்கும். அக்காலத்தில் குழந்தைக்குப் பலமுறை ஊசி போடவும், முதுகுத் தண்டிலிருந்து நீர் எடுக்கவும், எலும்பு மச்சைச் சோதனை செய்யவும் நேரிடும். நோயைவிட இந்தச் செய்முறைகளே அதிக அச்சம் தருவதாகப் பல குழந்தைகள் உணர்கின்றனர்.

ஊசியைக் கண்டு திமிறும் குழந்தையைப் பெரியவர்கள் பிடித்துக்கொள்வது பல மருத்துவமனைகளில் நடப்பதுண்டு. சிகிச்சை நிற்கக்கூடாது என்பதால் அவ்வாறு செய்கின்றனர். ஆனால் தன் உடலின் மீது தனக்கு எந்த உரிமையும் இல்லை என்ற எண்ணம் குழந்தையின் மனத்தில் பதிகிறது. அடுத்த முறை ஊசியைக் காண்பதற்கு முன்பே அச்சம் தொடங்கிவிடும். அச்சம் கூடக்கூட வலியும் கூடும். இந்தச் சுழற்சியை உடைக்கும் வழிகளுள் ஒன்றாகவே தற்காப்புக் கலை மருத்துவமனைக்குள் வந்தது.

தோற்றம்

மேற்கூறிய அமைப்பை நிறுவியவர் எலிமெலக் கோல்ட்பெர்க் என்னும் யூத மதகுரு. இவர் தற்காப்புக் கலையில் கறுப்புப் பட்டை பெற்றவர். இவருடைய முதல் குழந்தை இரத்தப் புற்றுநோயால் இரண்டு வயதில் இறந்தது. பின்னாளில் இவர் நியூயார்க் மாநிலத்தில் புற்றுநோயுற்ற சிறுவர்களுக்காக நடத்தப்பட்ட கோடை முகாம் ஒன்றின் இயக்குநராகப் பணியாற்றினார்.

அம்முகாமில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் மருந்து ஏற்றும் ஊசிக்கு அஞ்சி அலற, செவிலியர் அவனைப் பிடித்திருந்ததை இவர் கண்டார். உடனே அவர்களை நிறுத்தச் சொல்லி, கராத்தே கற்றுக்கொள்ள விருப்பமா என்று சிறுவனிடம் கேட்டார். வலி என்பது ஒரு செய்தி, அதற்குச் செவிகொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்று விளக்கி, மூச்சை இழுத்து வெளிவிடும் முறையைக் கற்பித்தார். சிறிது நேரம் கழித்து ஊசியை எடுத்தபோது, ஊசி குத்தியாயிற்றா என்று அச்சிறுவன் செவிலியரிடம் கேட்டான். இந்நிகழ்வே அமைப்பு தோன்றக் காரணமாயிற்று. மிச்சிகன் மாநிலத்தின் டிட்ராயிட் பகுதியில் தொடங்கிய இப்பணி பின்னர் பிற நாடுகளுக்கும் பரவியது. 2014 ஆம் ஆண்டில் சி.என்.என். தொலைக்காட்சி தேர்ந்தெடுத்த நாயகர்களுள் ஒருவராக கோல்ட்பெர்க் இடம்பெற்றார்.

பயிற்சி முறை

வகுப்புகளில் ஒருவரை ஒருவர் அடித்துப் பயில்வது இல்லை. குழந்தைகள் கராத்தே உடை அணிந்து நின்றோ, சக்கர நாற்காலியில் அமர்ந்தோ, படுக்கையில் கிடந்தபடியோ பயிலலாம். மூக்கின் வழியே மெதுவாக மூச்சை இழுத்து, சற்று நிறுத்தி, வாய் வழியே நீளமாக வெளிவிடுவது அடிப்படைப் பாடமாகும். உள்ளிழுக்கும்போது ஒளி உள்ளே வருவதாகவும், வெளிவிடும்போது இருள் வெளியேறுவதாகவும் கற்பனை செய்யுமாறு கூறப்படுகிறது.

‘ஆற்றல், அமைதி, நோக்கம்’ என்பன இவ்வமைப்பின் முழக்கச் சொற்கள். இவற்றுள் மூன்றாவது தனித்தன்மை வாய்ந்தது. கற்ற மூச்சுப் பயிற்சியைக் குழந்தைகள் பெற்றோருக்கும் மருத்துவர்களுக்கும் பிற பெரியவர்களுக்கும் கற்பிக்கின்றனர். எந்நேரமும் பிறரின் உதவியைப் பெறுபவராகவே இருந்த குழந்தை, இதனால் ஆசிரியர் நிலைக்கு உயர்கிறது.

செயற்படும் விதம்

அச்சத்தின்போது பரிவு நரம்பு மண்டலம் தூண்டப்பட்டு, இதயத் துடிப்பு விரைவடைந்து தசைகள் இறுகுகின்றன. இறுகிய தசையில் ஊசி கூடுதலாக வலிக்கும். நீண்ட வெளிமூச்சு வேகசு நரம்பின் வழியாகத் துடிப்பைத் தணித்து உடலைத் தளர்த்துகிறது.

வலி உணரப்படும் அளவு காயத்தை மட்டும் பொறுத்ததன்று. 1965 ஆம் ஆண்டில் ரொனால்டு மெல்சாக், பேட்ரிக் வால் ஆகியோர் வெளியிட்ட வாயிற்கட்டுப்பாட்டுக் கோட்பாட்டின்படி, வலிக் குறிப்புகள் தண்டுவடத்திலேயே கூட்டவோ குறைக்கவோ படுகின்றன; மூளையிலிருந்து இறங்கும் குறிப்புகளுக்கும் அதில் பங்குண்டு. கவனம், எதிர்பார்ப்பு, மனநிலை ஆகியன வலியை மாற்றுவதை இது விளக்க உதவுகிறது.

ஆய்வுகள்

இவ்வமைப்பின் வகுப்புகளில் பங்கேற்ற 64 சிறுவர்களைப் பற்றிய ஆய்வு 2016 ஆம் ஆண்டில் வெளியானது. ஒரு மணிநேர வகுப்புக்கு முன்னும் பின்னும் அவர்கள் தம் வலியை முகப்பட அளவுகோலில் குறித்தனர். வலியுடன் வந்தவர்களில் பெரும்பாலோருக்கு வகுப்பின் முடிவில் வலி குறைந்திருந்தது. எனினும் ஒரே குழுவினரின் முன், பின் நிலைகளை ஒப்பிட்ட ஆய்வு இது. ஆகவே குறைந்த வலியில் மூச்சுப் பயிற்சியின் பங்கு எவ்வளவு, விளையாட்டு, நட்பு, ஆசிரியரின் அன்பு ஆகியவற்றின் பங்கு எவ்வளவு என்று இதிலிருந்து பிரித்தறிய இயலாது.

பாதுகாப்பும் வரம்புகளும்

எப்பயிற்சியும் சிகிச்சை அளிக்கும் மருத்துவரின் ஒப்புதலுடனேயே தொடங்கப்பட வேண்டும். கவனிக்க வேண்டியவை:

- இரத்தத் தட்டுக்கள் குறைந்திருந்தால் சிறு அடியும் இரத்தக் கசிவை உண்டாக்கலாம்.
- வெள்ளை அணுக்கள் குறைந்த நாட்களில் பிறருடன் சேர்ந்து பயில்வது தொற்றுக்கு வழிவகுக்கும்.
- வின்கிரிசுடின் மருந்தால் பாத நரம்புகள் பாதிக்கப்பட்ட குழந்தை உதைப் பயிற்சியில் தடுமாறி விழக்கூடும்.
- நீண்டநாள் ஸ்டீராய்டு மருந்து எலும்புகளை வலுவிழக்கச் செய்யும்.
- மார்பில் மருந்தேற்றும் கருவி பொருத்தப்பட்ட பகுதியில் அடி படக்கூடாது.

மூச்சுப் பயிற்சி கற்ற குழந்தைக்கு வலி மருந்து தேவையில்லை என்று கருதுவது தவறு. வலி இருப்பதாகக் குழந்தை சொன்னால் அதை நம்பி மருந்து அளிக்க வேண்டும். வீரர் அழக்கூடாது என்று சொல்வது இச்சிகிச்சையின் நோக்கத்துக்கே முரணானது. அழும் குழந்தையும் இங்கு வீரரே.