முதுகில் ஒரு தண்ணீர்ப் பை... வாங்கும் முன் இதையெல்லாம் கவனிங்க!

வடசென்னையில் ஓடிப் பழகுகிறவர்களுக்குத் தெரியும், காலை 6 மணிக்கே பனியன் நனைந்துவிடும். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை நீளும் விரைவுச் சாலையில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கன்டெய்னர் லாரிகள். மாரத்தான் போட்டி என்றால் வழியில் தண்ணீர் கொடுக்க ஆள் இருப்பார்கள். தனியாகப் பயிற்சி எடுக்கும் நாளில் நம் தண்ணீரை நாம்தான் சுமக்க வேண்டும். அதற்குத்தான் 'ஹைட்ரேஷன் பேக்'.

முதுகில் மாட்டும் பைக்குள் ஒரு தண்ணீர்ப் பை, அதிலிருந்து தோள் வழியாக வாய்க்கு வரும் குழாய். அவ்வளவுதான் விஷயம். 1980-களின் இறுதியில் அமெரிக்காவின் டெக்ஸாஸில், ஆகஸ்ட் வெயிலில் நடக்கும் 100 மைல் சைக்கிள் பயணத்துக்காக மைக்கேல் ஐட்சன் என்பவர் செய்த யோசனை இது. சலைன் பையை நீளமான காலுறைக்குள் போட்டு முதுகில் கட்டிக்கொண்டார். 'கேமல்பேக்' நிறுவனம் பிறந்தது இப்படித்தான்.

எவ்வளவு தண்ணீர் தேவை?

கடைக்குப் போகும் முன் எடை மெஷினில் ஏறுங்கள். ஓடுவதற்கு முன் 70 கிலோ. ஒரு மணி நேரம் ஓடியபின், வியர்வையைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் 69.2 கிலோ. நடுவில் 400 மி.லி. குடித்திருந்தால், வெளியேறிய வியர்வை சுமார் 1.2 லிட்டர். இது ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாறும். வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். கடலோர ஈரக்காற்றில் அது சீக்கிரம் காயாது. அதனால் வெயில் குறைவாகத் தெரியும் நாளிலும் உஷார் தேவை.

ஒரு மணி நேரத்துக்குள் முடியும் ஓட்டத்துக்குக் கையில் ஒரு பாட்டில் போதும். இரண்டு மணி நேரம் என்றால் 1.5 லிட்டர் பை. நீண்ட சைக்கிள் பயணத்துக்கு 2 முதல் 3 லிட்டர். ஒரு லிட்டர் என்பது முதுகில் ஒரு கிலோ என்பதை மறக்க வேண்டாம்.

அதிகம் குடித்தாலும் ஆபத்து!

2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது, 13 சதவிகிதம் பேருக்கு சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்களுக்கே இந்த ஆபத்து அதிகம். பையில் இருக்கிறதே என்று குடித்துத் தீர்க்க வேண்டாம், தாகத்துக்குக் குடியுங்கள். ஓடி முடித்தபின் எடை கூடியிருந்தால், தேவைக்கு மேல் குடித்திருக்கிறீர்கள்.

ஓ.ஆர்.எஸ். கலப்பதென்றால் பாக்கெட்டில் சொன்ன அளவு தண்ணீரில் மட்டும். சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறுநீரகப் பிரச்னை உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுக் குடிப்பது நல்லது.

வாங்கும்போது...

* ஓட்டத்துக்கு உடம்போடு ஒட்டும் 'வெஸ்ட்' வகை, சைக்கிளுக்கு முதுகுப் பை.
* தண்ணீரோடு மாட்டி, கடையிலேயே குதித்துப் பாருங்கள். தோளில் உரசக் கூடாது.
* கை நுழையும் அளவுக்கு வாய் அகலமாக இருந்தால் கழுவுவது சுலபம்.
* லாரித் தூசி பறக்கும் சாலைக்கு, உறிஞ்சும் முனைக்கு மூடி அவசியம்.

வீட்டுக்கு வந்ததும்...

தண்ணீரை அப்படியே விட்டால் குழாயில் பூஞ்சை பிடிக்கும். வெதுவெதுப்பான நீரில் சமையல் சோடா கலந்து ஊறவைத்து, குழாயை பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாக அலசித் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். பையில் வெறும் தண்ணீர், ஓ.ஆர்.எஸ்ஸுக்குத் தனி பாட்டில் என்று வைத்துக்கொண்டால் பாதி வேலை மிச்சம்.

ஓடும்போது யாராவது தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, அவரைத் தண்ணீர் குடிக்க வற்புறுத்தாதீர்கள். நிழலில் படுக்கவைத்து, உடம்பில் குளிர்ந்த நீரை ஊற்றியபடியே உடனே 108-ஐ அழையுங்கள்.