வீட்டு வாசலில் டை ராட் எண்ட் மாற்றுகிறீர்களா?

காரோடு வரும் ஜாக்கியை மட்டும் கொடுத்து வண்டியைத் தூக்கிவிட்டு, அடியில் தலையை நுழைத்து டை ராட் எண்ட் கழற்றுகிறவர்களைத் தெருவுக்குத் தெரு பார்க்க முடிகிறது. காணொளி பார்த்துக் கற்றுக்கொண்டோம் என்கிறார்கள். வேலை பெரிய வேலை இல்லைதான். பாதுகாப்புக்கான பகுதியை மட்டும் தள்ளிவிட்டுப் பார்ப்பதுதான் கோபத்தைக் கிளப்புகிறது.

ஸ்டியரிங் ராக்கையும் சக்கரத்தையும் இணைப்பது டை ராட். அதன் வெளிமுனைதான் டை ராட் எண்ட். உள்ளே இருக்கும் பால் ஜாயிண்ட் தேய்ந்தால் ஸ்டியரிங்கில் ஆட்டம் தெரியும், பள்ளத்தில் 'கட கட' என்று சத்தம் வரும், முன் டயர் ஓரமாகத் தேயும். முற்றிலும் கழன்றுவிட்டால் அந்தச் சக்கரம் உங்கள் சொல் கேட்காது. வீட்டில் தொடலாம் என்றால் இந்த வெளிமுனையை மட்டும்தான். ராக், மின் ஸ்டியரிங் மோட்டார், ஏர்பேக் உள்ள ஸ்டியரிங் வீல் பக்கம் போகவே வேண்டாம்.

சமமான, கெட்டியான தரை வேண்டும். ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுங்கள். தூக்கிய பிறகு ஜாக்கி ஸ்டாண்டில் வண்டியை இறக்குங்கள். செங்கல்லும் மரக்கட்டையும் ஸ்டாண்டு ஆகாது. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள்.

லாக் நட்டைத் தளர்த்தியதும் பழைய முனை எத்தனை சுற்றில் கழல்கிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். புதியதை அதே சுற்றுக்கு ஏற்றுங்கள். சுத்தியலால் அடித்துப் பிரிக்க வேண்டாம், புல்லர் போடுங்கள். நட்டை டார்க் ரெஞ்சால், உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவுக்கு முறுக்குங்கள். காடி உள்ள நட்டு என்றால், துளை நேராகவில்லை என்று தளர்த்தக் கூடாது. இன்னும் சற்று இறுக்கியே நேராக்கி, புதிய ஸ்பிளிட் பின் மாட்டி மடக்குங்கள். பழைய பின்னை நிமிர்த்தித் திரும்பப் போடுகிறார்கள். வேண்டாம், உடையும். வேலை முடிந்ததும் மெதுவாக ஓட்டிப் போய் வீல் அலைன்மென்ட் பாருங்கள். சுற்று எண்ணிப் போட்டது அந்தக் கடை வரை போய்ச் சேரத்தான்.

அடுத்தது, பாகம் வாங்கும் விஷயம். போலி பாகம் வாங்கி ஏமாந்தவர்கள் பெரும்பாலும் புலம்பிவிட்டு விட்டுவிடுகிறார்கள். பில் கேளுங்கள். அதில் பாகத்தின் எண்ணும் உங்கள் வண்டி எண்ணும் எழுதச் சொல்லுங்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பில் தர மறுப்பதே முறையற்ற வணிகம். பழுதான பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படித்தான். பில்லில் காலக்கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாள் கணக்கு.

'நீங்களே மாட்டினீர்கள், தப்பாக மாட்டியிருப்பீர்கள்' என்றுதான் கடைக்காரர் சொல்வார். அதற்காகவே, மாட்டும் முன்பும் பின்பும் படம் எடுங்கள். பெட்டியை எறியாதீர்கள். உடைந்த பாகத்தை எழுத்தில் ஒப்புகை இல்லாமல் திருப்பிக் கொடுக்காதீர்கள். புகார் என்று போனால், தேவைப்பட்டால் நுகர்வோர் ஆணையம் ஆய்வகத்துக்கு அனுப்பப்போவது அதைத்தான்.

முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். கடைக்கு எழுத்தில் நோட்டீஸ் அனுப்பி, தபால் ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் தரலாம், 'இ-ஜாக்ரிதி' தளத்திலும் பதியலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை. வக்கீலும் கட்டாயமில்லை. கெடு 2 ஆண்டு. 'அடுத்த வாரம் வாங்க' என்று யார் சொன்னாலும் அந்தக் கெடு ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

கடைக்காரரை மட்டுமல்ல, சட்டம் உங்களையும் கேட்கும். தெரிந்தே பழுதான வண்டியை ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 190-ஆவது பிரிவில் 1,500 ரூபாய் வரை அபராதம். அந்தப் பழுதால் விபத்து நடந்து யாருக்காவது காயம் பட்டால் 3 மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ. சாதாரணக் கவனத்தில் கண்டுபிடித்திருக்கக்கூடிய பழுதுக்கும் இது பொருந்தும். ஆகவே பாகத்தின் பில்லோடு அலைன்மென்ட் ரசீதையும் சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். இன்னொரு முறை சொல்கிறேன்: ஸ்டாண்டு இல்லாமல் வண்டிக்கு அடியில் போகாதீர்கள்.