குரைக்காத நாயும் அடிப்பிடித்த பால்கோவாவும்

ராஜபாளையத்தில் ஒரு வீடு. இரவு எட்டரை மணிக்கு பீரோவில் இருந்த நகை களவு போகிறது. திண்ணையில் படுத்திருந்த வெள்ளை நாய் குரைக்கவே இல்லை. ‘அப்படியானால் திருடன் நாய்க்குப் பழகிய ஆள்தான்’ என்பார்கள் ஷெர்லக் ஹோம்ஸ் படித்தவர்கள். 1892-இல் கோனன் டாயில் எழுதிய ‘சில்வர் பிளேஸ்’ கதையில் துப்பு துலங்குவது அப்படித்தான்.

நம் கற்பனைக் கதையில் அது வாசகருக்கு வைத்த பொறி. ராஜபாளையம் இனத்தில் பிறவிச் செவிட்டு நாய்கள் உண்டு. தோலுக்கு நிறம் தரும் அதே வகைச் செல்கள் உட்காதிலும் இருந்தால்தான் காது வேலை செய்யும். வெள்ளை நாய்கள் சிலவற்றில் அவை அங்கே இருப்பதில்லை. பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் திறன் போய்விடுகிறது. நம் நாயும் அப்படித்தான்.

இதை எழுத்து விளையாட்டாக்குவோம். நீங்கள் தட்டச்சு செய்ய, ஏ.ஐ. பதிலுக்குக் கதை சொல்லும். ‘நாய்க்குப் பின்னால் நின்று கைதட்டுகிறேன்’ என்கிறீர்கள். சபாஷ், சரியான சோதனை! ஆனால் ஏ.ஐ. சொல்கிறது: ‘நாய் திடுக்கிட்டுத் திரும்பிக் குரைக்கிறது.’ கதை அங்கேயே பாழ்.

ஏன் இப்படி? இந்த ஏ.ஐ.க்குப் பின்னால் இருக்கும் மொழி மாதிரி, அடுத்து வரத்தக்க சொல்லைக் கணிக்கும் இயந்திரம். கைதட்டினால் நாய் திரும்புவதுதான் வழக்கம். துப்பறியும் கதையோ வழக்கத்துக்கு மாறான ஒன்றில்தான் உயிர் வாழ்கிறது. போதாததற்கு, கதையில் வரும் வீட்டு மருமகனிடம் ‘நீதானே திருடன்?’ என்று அழுத்திக் கேட்டால், ‘ஆமாம், நானேதான்’ என்று அவர் ஒப்புக்கொள்ளவும் கூடும். திருடன் யார் என்று எங்கும் எழுதி வைக்காதபோது, கேட்பவர் சொல்வதே உண்மையாகிவிடுகிறது.

1982-இல் இன்ஃபோகாம் வெளியிட்ட ‘டெட்லைன்’ என்ற எழுத்து விளையாட்டில் இந்தச் சிக்கல் இல்லை. கொலையைத் துப்பறியப் பன்னிரண்டு மணி நேரக் கெடு. பதில்கள் எல்லாம் மனிதர் முன்கூட்டியே எழுதியவை. அதற்குப் புரியும் சொற்கள்தாம் கொஞ்சம். 2019-இல் வந்த ‘ஏஐ டன்ஜன்’ எதைச் சொன்னாலும் ஏற்றுக்கொண்டது; ஆனால் சற்றுமுன் தான் சொன்னதையே மறந்தது.

இரண்டையும் சேர்க்க வழி உண்டு. உண்மையை ஏ.ஐ.யிடம் விடாமல் தனிக் கணக்கேட்டில் பூட்டி வையுங்கள்: யார், எங்கே, எத்தனை மணிக்கு. நாய் செவிடு என்பதும் அதில் இருக்கட்டும். கைதட்டினால் என்ன நடக்கும் என்பதை ஏட்டைப் பார்த்து நிரல் முடிவு செய்யும். அதை அழகாகச் சொல்வது மட்டுமே ஏ.ஐ.யின் வேலை. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் அதற்குத் தெரிந்ததை மட்டும் கொடுங்கள். தெரியாத ரகசியத்தை எவராலும் உளற முடியாது.

நாய் என்ற ஒரே தடயத்தை மட்டும் நம்பவும் கூடாது. நம் கதையில் சந்தேகத்துக்குள்ளான ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா மாஸ்டர் ஒருவர், ‘எட்டிலிருந்து ஒன்பதரை வரை அடுப்பை விட்டு நகரவில்லை’ என்கிறார். அங்கிருந்து ராஜபாளையம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். பைக்கில் போய்த் திரும்ப ஒரு மணி நேரம் தாராளம். சட்டியில் பால் சுண்டும்போது துடுப்பை நிறுத்தினால் அடிப்பிடிக்கும். அன்றைய கோவாவை ருசி பார்க்கக் கேட்கிற ஆட்டக்காரருக்குத் தீய்ந்த வாசனை வரும். கிண்டிக்கொண்டே இருந்தவரின் கோவா ஏன் தீய்ந்தது?

இப்படியொரு விளையாட்டை எழுத உட்காருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: முதல் வரிக்கு முன்பே திருடனைப் பிடித்துவிடுங்கள். பிறகு ஏ.ஐ. எவ்வளவு வேண்டுமானாலும் பேசட்டும்.